தருமத்திலிருந்து உரிமைக்கு: விசேட கல்வியின் வரலாறு பற்றிய ஓர் அறிமுகம்

இலங்கையின் எந்தச் சிற்றூரிலும் 'மொண்டிசோரி' என்னும் சொல்லை அறியாத தாயைக் காண்பது அரிது. பாடசாலைப் பராயத்தை எய்தாத சிறுவர் கூடி ஆடிப் பாடிக் கற்கும் இடத்துக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் அது. மடவளைக் கடைத்தெருவிலும், வத்தேகமவிலும், பன்விலைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் அச்சொல் நம் சொந்தச் சொல்லாகவே வழங்குகிறது. அது ஓர் இத்தாலிய மருத்துவப் பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆயின் அப்பெண்மணி கண்ட கல்விமுறை முதன்முதலில் எத்தகைய பிள்ளைகளுக்காகத் தோன்றியது என்பதை நினைத்துப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே.

மரியா மொண்டிசோரி 1896 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். இளம் மருத்துவராக றோம் நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்றபோது, அங்கே வளர்ந்தோரான நோயாளருடன் ஒன்றாக அடைத்து வைக்கப்பட்டிருந்த சிறுவரை அவர் கண்டார். அவர்கள் செய்த குற்றம் யாதுமில்லை. 'மந்த புத்தியுடையோர்' என்று உலகம் அவர்களுக்குப் பெயரிட்டிருந்தது; அவ்வளவே. அச்சிறுவருக்குக் கற்பிக்கும் வழியைத் தேடிய அவர், பிரான்சு நாட்டு மருத்துவர்களான இற்றாட், செகான் என்போரின் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதிப் படித்தார். தொட்டும் எடுத்தும் அடுக்கியும் கற்பதற்கான கருவிகளை அமைத்தார். அவரிடம் கற்ற பிள்ளைகளுட் சிலர் பொதுப் பாடசாலை மாணவர் எழுதும் தேர்விலே சித்தியெய்தினர். ஊரார் வியந்தனர். மொண்டிசோரியோ வேறொன்றை எண்ணி வியந்தார். குறையுடைய பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர இயலுமாயின், குறையில்லாப் பிள்ளைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது என்பதே அவர் உள்ளத்தில் எழுந்த வினா. அவ்வினாவின் விளைவாக, 1907 இல் றோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய முதலாவது 'சிறுவர் இல்லம்' தோன்றியது. 1944 இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார்.

இச்செய்தி நமக்கு உணர்த்துவது யாது? ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தேடிய வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய வழியாயிற்று என்பதாகும். விசேட கல்வி என்பது கல்வி வரலாற்றின் ஓரத்திற் செல்லும் ஒற்றையடிப் பாதையன்று. மனிதனைப் பற்றிச் சமுதாயம் கொண்டுள்ள எண்ணம் யாது என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், நம் நாட்டில், குறிப்பாக மத்திய மலைநாட்டில், அது எங்கே வந்து நிற்கின்றது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் மரபில்

பழைய தமிழ்ச் சமுதாயம் உடற்குறையை எவ்வாறு நோக்கியது? இரண்டு வகையான சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றன. புறநானூற்றின் இருபத்தெட்டாம் பாடலில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை, கேளாமை, பேசாமை, கூன் முதலாகப் பயனற்ற பிறப்புக்கள் எட்டினை வரிசைப்படுத்துகின்றார். அக்காலத்துக் கருத்தோட்டத்தை இது காட்டும். அதே தொகைநூல்களிலேதான் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் பெரும்புலவரையும் காண்கின்றோம். கால் முடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் ஆய் அண்டிரனின் அவையிலே அவர் புலமைக்குரிய மதிப்பை அது குறைக்கவில்லை. பிற்காலத்தே, பார்வையற்ற ஒருவர் நடக்கவியலாத மற்றவரைத் தோளிற் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, ஊர்தோறும் சென்று பாடிய இரட்டைப் புலவரின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவர்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம், 'பொறியின்மை' ஒருவர்க்குப் பழியாகாது; முயற்சியின்மையே பழி என்று கூறுகின்றது. பொறி என்பதற்கு ஊழ் எனப் பொருள் கொள்வார் பரிமேலழகர். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், பிறப்பினால் வந்த குறைக்காக மனிதனைப் பழித்தல் தகாது என்னும் கொள்கை அங்கே நிலைநாட்டப்படுகின்றது.

அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் வரலாறு இன்னும் சுவையானது. பிறவியிலேயே பார்வையில்லாத அவருக்கு முதுகிலே எழுத்தை எழுதிக் காட்டிக் கற்பித்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகரனின் அவையிற் பாடிப் பரிசு பெற்றார் என்றும் அம்மரபு கூறும். கண்ணாற் காண இயலாத எழுத்தைத் தொடுவுணர்வாற் கற்பிக்கலாம் என்னும் உண்மை நம்மவர்க்கும் புலப்பட்டிருந்தது என்பதற்கு இக்கதையே போதும்.

இசுலாமிய மரபிலும் இதற்கு ஒப்பான செய்திகள் உண்டு. பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் நாடி வந்தபோது முகங்கொடுக்காமையைக் கண்டித்து எழுந்த இறைவசனங்களைத் திருக்குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் தாங்கி நிற்கின்றது. பின்னர் அவர் மதீனாப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்போருள் ஒருவரானார். நபிகள் நாயகம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனா நகரின் பொறுப்பையும் ஏற்றார். மடவளையின் பெரிய பாடசாலை தாங்கியிருப்பதும் மதீனா என்னும் பெயரையே என்பது நம்மூரவர்க்கு நினைவிருக்கலாம்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. முடமோசியாரும் வீரராகவரும் தனிமனிதர்கள். அவர்களை ஆதரிக்க அரசரும் வள்ளல்களும் இருந்தனர். அவர்களைப் போன்ற பேராற்றல் இல்லாத ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? கோயில் வாசலும் பிச்சைப் பாத்திரமுமே கிடைத்தன. பெரும்புலவனாகப் பிறந்தாலன்றி மதிப்பில்லை என்பது நீதியாகாது. சாதாரணமான ஒரு பிள்ளைக்கும் கல்வி உண்டு என்று கூறும் நிறுவனம் அன்று தமிழகத்தில் மட்டுமன்றி உலகின் எப்பகுதியிலும் இருந்ததில்லை.

புரட்சியின் பிள்ளை

ஐரோப்பாவில் செவிப்புலனற்றோர்க்கு முதன்முதலிற் கற்பித்தவராக அறியப்படுபவர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெத்றோ பொன்சே டி லெயோன் என்னும் ஸ்பானியத் துறவி. அவரிடம் கற்றோர் பிரபுக்களின் பிள்ளைகள். கேளாத பிள்ளைக்குக் கற்பிக்க முடியும் என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அவ்வறிவு மாளிகைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. அது தெருவுக்கு வர இருநூறு ஆண்டுகள் சென்றன. 1760 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் அபே டி லெப்பே என்னும் பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கும் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். கேளாதோர் தம்முள் வழங்கிய சைகைகளை அவர் இழிவாகக் கருதவில்லை. அவற்றைக் கற்று அவற்றின் வழியாகவே கற்பித்தார்.

வலன்ரைன் ஹாயி என்பவர் 1771 இல் பாரிஸ் சந்தையொன்றில் பார்வையற்றோரைக் கோமாளிகளாக உடுத்தி இசைக்க வைத்து மக்கள் எள்ளி நகைத்ததைக் கண்டு உள்ளம் நொந்தார். அந்நோவின் பயனாகப் பார்வையற்ற சிறுவர்க்கான முதலாவது பாடசாலை 1785 இல் உருவாயிற்று. அதன் முதல் மாணவன் தேவாலய வாசலிற் பிச்சை எடுத்த ஓர் இளைஞன். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பின்னர், 1791 இல், இவ்விரு பாடசாலைகளையும் அரசு தன் பொறுப்பில் ஏற்றது. மனிதர் யாவரும் சமம் என்று முழங்கிய ஓர் அரசு, கேளாதவரையும் காணாதவரையும் அம்முழக்கத்திலிருந்து விலக்க முடியாது போயிற்று. தருமமாயிருந்தது உரிமையாக மாறத் தொடங்கிய கணம் அதுவே எனலாம்.

அப்பாடசாலைக்கு 1819 இல் ஒரு குதிரைச்சேணத் தொழிலாளியின் மகன் வந்து சேர்ந்தான். தந்தையின் பட்டறையில் ஊசிமுனை பட்டு மூன்றாவது வயதிற் கண்ணிழந்தவன். அவனே லூயி பிரெயில். பார்பியர் என்பார் அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறையை அவன் ஆராய்ந்து, ஒரு விரல்நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினான். 1824 இல், பதினைந்து வயதில், அம்முறை உருவாயிற்று. 1829 இல் நூலாக வெளிவந்தது. பார்வையுள்ள ஆசிரியர்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. தாம் படிக்கவியலாத எழுத்தைத் தம் மாணவர் படிப்பதா என்று சிலர் எண்ணினர் போலும். பிரெயில் 1852 இல் மறைந்தார். அவருடைய எழுத்தைப் பாடசாலை முறைப்படி ஏற்றது 1854 இல். விசேட கல்வி வரலாற்றின் மிகப்பெரும் கண்டுபிடிப்பை நிகழ்த்தியவர் ஒரு மாணவர். அதிலும் குறையுடையவராகக் கருதப்பட்டவர் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

மொண்டிசோரியின் முன்னோடிகளும் இக்காலத்தவரே. 1800 இல் அவேறொன் காட்டுப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட, மனிதர் மொழியறியாத சிறுவனொருவனுக்கு இற்றாட் ஐந்தாண்டுகள் வரை கற்பித்தார். அச்சிறுவன் சில சொற்களுக்கு மேற் கற்கவில்லை. இற்றாட் தம் முயற்சி தோற்றதென்றே எண்ணினார். ஆயினும் அவருடைய குறிப்புக்களிலிருந்தே அவர் மாணவர் செகான் புதிய கல்விமுறையை வளர்த்தெடுத்தார். செகான் சான் சிமோனின் சமதருமக் கருத்துக்களில் ஊறியவர். 1848 புரட்சி வீழ்ந்த பின்னர் அமெரிக்கா சென்று அங்கே தம் பணியைத் தொடர்ந்தார்.

அளவுகோலும் கொலைக்களமும்

வரலாறு எப்போதும் நேர்கோட்டில் முன்னேறுவதில்லை. 1880 இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாத பிள்ளைகளுக்கு வாய்மொழியாலேயே கற்பிக்கவேண்டும். சைகைமொழி வகுப்பறையில் ஆகாது என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. அத்தீர்மானத்தின் பின்னர் பல நாடுகளிற் கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தனர். கைகளாற் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 2010 இல் வன்கூவரில் நடைபெற்ற மாநாடே அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையிற் சென்றவை நூற்றுமுப்பது ஆண்டுகள். ஒரு மக்கட் கூட்டத்தைக் கேளாமலே அதன் மொழியைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதன் விளைவு எத்தகையது என்பதைத் தமிழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அல்பிரட் பினே 1905 இல் சிமோனுடன் சேர்ந்து அமைத்த நுண்மதிச் சோதனை, மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதற்கென எழுந்தது. ஒருவரின் அறிவு பிறப்போடு நிலைபெற்றது, மாற்ற முடியாதது என்னும் கொள்கையைப் பினே ஏற்கவில்லை. ஆனால் அவர் மறைந்த பின்னர் அமெரிக்காவில் இனவிருத்திக் கொள்கையாளர் கையில் அந்த அளவுகோல் சிக்கியது. உதவுவதற்காக எண்ணப்பட்ட பிள்ளைகள் ஒதுக்குவதற்காக எண்ணப்படலாயினர்.

அதன் இறுதி எல்லையை நாசி ஜேர்மனி காட்டியது. 1933 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 4,00,000 பேர் வலிந்து மலடாக்கப்பட்டனர். அவர்களுட் பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும் அடங்குவர். 1940-41 இல் ஊனமுற்றோரும் மனநோயாளரும் 70,000 பேருக்கு மேல் நச்சுவாயு அறைகளிற் கொல்லப்பட்டனர். பின்னர் யூத மக்களைக் கொன்றொழித்த முகாம்களுக்கு முன்மாதிரியாக அமைந்தவை இந்த அறைகளே. ஒரு பிள்ளையால் நாட்டுக்கு என்ன இலாபம் என்று கேட்கத் தொடங்கும் சமுதாயம் எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

குறை எங்கே இருக்கின்றது?

இதற்கு நேர்மாறான சிந்தனை அதே காலத்தில் சோவியத்து நாட்டிற் பிறந்தது. கோமெல் என்னும் ஊரில் ஆசிரியராயிருந்து பின் மொஸ்கோ சென்ற லெவ் வைகோட்ஸ்கி, 1920 களில் ஊனமுற்ற பிள்ளைகளின் கல்வி பற்றி ஆராய்ந்தார். கண்ணில்லாமை ஓர் உடல்நிலை. அதனைத் துன்பமாக்குவது பிள்ளைக்கும் சமுதாயத்துக்குமிடையே அறுபட்டுப்போகும் உறவே என்பது அவர் கருத்தின் சாரம். உடலின் குறையை மருத்துவம் போக்கலாம், போக்காமலும் விடலாம். உறவின் முறிவைக் கல்வி போக்க இயலும். அந்நாடே அவர் கருத்தை முழுமையாகப் பின்பற்றிற்று என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். அவர் 1934 இல் முப்பத்தேழு வயதிற் காசநோயால் இறந்தார். 1936 இன் பின்னர் அவர் எழுத்துக்கள் பல்லாண்டுகள் வெளிச்சம் காணவில்லை. ஊனமுற்ற பிள்ளைகள் பெரும்பாலும் தனி விடுதிப் பாடசாலைகளிலேயே வளர்க்கப்பட்டனர். முற்போக்காளர் எனப்படுவோர் இதனையும் மறையாது கூறுதல் வேண்டும்.

பார்வையையும் செவியையும் ஒருங்கே இழந்த ஹெலன் கெல்லரை நம் பாடநூல்கள் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றும். அவர் 1909 இல் அமெரிக்க சோசலிசக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. பார்வையின்மையின் காரணங்களை ஆராயப் புகுந்து, அவற்றுட் பல வறுமையிலும் பாதுகாப்பற்ற தொழிற்சாலைகளிலும் அறியாமையிலும் வேரூன்றியிருப்பதைக் கண்டே அவர் அவ்வழிக்கு வந்தார்.

அவர் கண்ட உண்மைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1962 இல் இலங்கையில் இளம்பிள்ளைவாதம் பெருவாரியாகப் பரவி, 1,800 பேருக்கு மேல் அதற்கு ஆளாயினர். தடுப்பு மருந்து வீடுவீடாகச் சென்று சேர்ந்தது. 1993 இன் பின்னர் அந்நோய் இங்கே காணப்படவில்லை. கருவிலிருக்கும் பிள்ளையின் கண்ணையும் செவியையும் கெடுக்கும் ருபெல்லாவுக்கு 1996 முதல் தடுப்பூசி ஏற்றப்பட்டது. 2020 இல் அந்நோய் நாட்டைவிட்டு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தலைவிதி என்று தாய்மார் அழுத துன்பங்களுட் சில, இலவச சுகாதார சேவையால் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. விதி மாறவில்லை, அரசின் செயல் மாறிற்று.

பாளையங்கோட்டையும் இரத்மலானையும்

தமிழுலகில் விசேட கல்வியின் தொடக்கம் பாளையங்கோட்டையில் நிகழ்ந்தது. 1890 இல் அஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்றோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கான பாடசாலையை ஏற்படுத்தினார். இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தொடங்கிய பாடசாலை, பின்னர் இரத்மலானையில் நிலைபெற்று நாட்டின் முதலாவது விசேட பாடசாலையாக விளங்குகின்றது. 1956 இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியிலேயே கற்க அது வழி செய்தது. மடவளைக்கு வெகுதூரத்திலல்லாத திகனவில் செங்கடகல செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இயங்கி வருகின்றது.

மிஷனறிமாரின் நோக்கங்களைப் பற்றி நமக்குப் பல கருத்துக்கள் இருக்கலாம். ஆயினும், நம் சமுதாயத்தின் செல்வரும் கற்றோரும் ஏறெடுத்தும் பாராத பிள்ளைகளை அவர்கள் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர் என்பதை நன்றியுடன் நினைவுகூர்தல் கடன்.

பிரெயில் எழுத்துத் தொடர்பாக ஒரு செய்தி இங்கே குறிப்பிடத்தக்கது. இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு பிரெயில் முறைகள் வழங்கிய குழப்பத்தை நீக்க, யுனெஸ்கோவின் முயற்சியால் 1951 இல் பெய்ரூத் நகரில் ஒரு மாநாடு கூடிற்று. அதன் வழி உருவான பாரதி பிரெயில் குடும்பத்தைச் சேர்ந்தவையே தமிழ்ப் பிரெயிலும் சிங்களப் பிரெயிலும். தமிழின் ககரத்துக்கும் சிங்களத்தின் ககரத்துக்கும் அங்கே ஒரே புள்ளிகள், மகரத்துக்கும் அவ்வாறே. கண்ணுள்ளோர் இந்நாட்டில் ஓர் எழுத்துக்காகப் பெயர்ப்பலகையிலே தார் பூசினர், கலகம் விளைத்தனர். கண்ணில்லாத பிள்ளையின் விரல்நுனியிலோ இரு மொழிகளும் பெரும்பாலும் ஒரே எழுத்தால் எழுதப்படுகின்றன.

இலவசக் கல்வியும் விடுபட்டோரும்

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா தலைமையிலான குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்து நாட்டிலும் இத்தகைய இயக்கம் தோன்றியது. கல்வி தண்ணீரையும் காற்றையும் போல யாவர்க்கும் உரியது என்னும் முழக்கத்துடன் 1950 முதல் 1952 வரை அங்கே கல்வியமைச்சராயிருந்து இலவசக் கல்வியை விரித்தவர் தாஹா ஹுசைன். குழந்தைப் பருவத்தில் கண்நோய்க்குச் செய்த நாட்டுவைத்தியம் பிழைத்ததாற் பார்வையிழந்தவர் அவர். பார்வையற்ற ஒருவர் ஒரு நாட்டின் பிள்ளைகள் யாவர்க்கும் பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டார்.

நம் நாட்டு இலவசக் கல்வியோ இரண்டு கூட்டத்தாரை வாசலிலேயே நிறுத்தியது. ஒன்று, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். 1920 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத்திற் பாடசாலை நடத்தும் கடமையைத் தோட்டத்துரையிடம் விட்டது. அப்பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970 களிலேயே. மற்றொன்று, ஊனமுற்ற பிள்ளைகள். 1960-61 இற் கொண்டுவரப்பட்ட சட்டங்களால் உதவி பெறும் தனியார் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. விசேட பாடசாலைகள் மட்டும் தொண்டு நிறுவனங்களிடமே விடப்பட்டன. ஆசிரியர் சம்பளத்தையும் ஒரு நிதியுதவியையும் அரசு வழங்கும். எஞ்சியதற்குக் கொடையாளரை நாடவேண்டும். இந்நிலை இன்றும் பெரிதும் மாறவில்லை. ஏனைய பிள்ளைகளின் கல்வி அரசின் கடமை; இப்பிள்ளைகளின் கல்வி நல்லோரின் தருமம் என்னும் பாகுபாடு அன்றே நிலைபெற்றுவிட்டது. தோட்டத்திற் பிறந்த ஊனமுற்ற பிள்ளைக்கோ இரண்டு கதவுகளும் ஒருங்கே அடைபட்டன.

1960 களின் இறுதியில் ஒரு மாற்றம் தொடங்கியது. பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிற் சேர்க்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஏனையோர்க்கும் விரிந்தது. சாதாரண பாடசாலைகளில் இன்று நாம் காணும் விசேட கல்வி அலகுகள் இதன் தொடர்ச்சியே. 1994 இல் 92 அரசுகளின் பிரதிநிதிகள் ஸ்பெயினின் சலமன்கா நகரிற் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையிற் கற்க வழி செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை ஏற்றனர். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணங்காட்டி எக்கல்வி நிலையமும் ஒருவர்க்கு அனுமதி மறுத்தலாகாது என்று விதித்தது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலை செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016 இல் அது 16 வயது வரை உயர்ந்தது. அவ்வாண்டிலேயே ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது.

நம் மலைநாட்டிலே

சட்டம் காகிதத்தில் உண்டு. பாடசாலை மலைச்சரிவில் உண்டு. இரண்டுக்குமிடையே எத்தனை படிகள்? கண்டிப் பிரதேசத்திற் பாடசாலைகள் பல, மேடும் பள்ளமுமான நிலத்தில் அடுக்கடுக்காக எழுந்தவை. கீழ்த்தளத்தில் அலுவலகம், நடுத்தளத்தில் வகுப்பறை, மேல்தளத்தில் நூலகம் என்று எங்கும் படிக்கட்டுக்களே. சக்கர நாற்காலியிலுள்ள பிள்ளைக்கு அந்நூலகம் இமயமலை. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி விதிகள் 2006 இல் இயற்றப்பட்டன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா என்பார் தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைதல் வேண்டுமென உயர் நீதிமன்றம் 2009 இற் பணித்தது. பணிப்பு இருந்தும் படிகள் குறையவில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்பாடுடையோர். இத்தொகையில் முதியோரே மிகுதி. எனினும் நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பொன்றில் கரும்பலகை தெரியாமற் கண்களைச் சுருக்கும் ஒருவன், பின்வாங்கில் அமர்ந்து பாதி சொற்களையே கேட்கும் ஒருத்தி, எழுத்துக்களை மாற்றி மாற்றி எழுதும் ஒருவன் என்று சிலர் எப்போதும் இருப்பர். அவர்களை 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயரிட்டு அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவது எளிது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வின் சித்திவீதத்தையே பாடசாலையின் பெருமையாகக் கொள்ளும் சூழலில், அத்தகைய பிள்ளை ஆசிரியருக்கும் அதிபருக்கும் பாரமாகத் தோன்றுகின்றது. வெளிப்படையாக யாரும் துரத்துவதில்லை. வராதபோது தேடுவதில்லை, அவ்வளவே. கன்னங்கரா ஏழைப் பிள்ளையை உயர்த்துவதற்கென வகுத்த ஏணி, கீழ்ப்படியிலுள்ள பிள்ளையை உதறும் ஏணியாக மாறியது நம் கல்வியின் பெருந்துயரங்களுள் ஒன்று.

விசேட கல்வி அலகின் நிலை யாது? பல இடங்களில் அது பாடசாலையின் கடைக்கோடியிலுள்ள ஓர் அறை. பார்வை குறைந்தவன், கேளாதவள், உளவளர்ச்சி குன்றியவன், ஓயாது ஓடித்திரிபவன் யாவரும் ஒரே ஆசிரியையிடம். வேறு ஆசிரியர் வராத நாளில் பதிற்கடமைக்கு முதலில் அழைக்கப்படுபவரும் அவரே. தமிழ்மொழி மூலம் இத்துறையிற் பயிற்சி பெற்றோர் நம் மலைநாட்டில் அரியர். மடுல்கலைத் தோட்டத்திலிருந்து நாட்சம்பளத்தை இழந்து, இரு பேருந்துகள் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு இச்சமுதாயம் வழங்கும் பதில், "அடுத்த கிழமை வாங்கம்மா" என்பது. அத்தாய் எத்தனை கிழமைகள் வருவாள்?

இங்கே ஒரு வினா எழுகின்றது. தனிப் பாடசாலை நல்லதா, பொது வகுப்பறை நல்லதா? இதற்கு ஒரே விடை கூற இயலாது. கேளாத பிள்ளைக்குச் சைகைமொழி பேசும் தோழரும் ஆசிரியரும் வேண்டும். அவரின்றிப் பொது வகுப்பில் இருத்துவது, மிலான் தீர்மானத்தை வேறு வழியில் நிறைவேற்றுவதாகும். நடக்கவியலாத பிள்ளைக்கோ சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் இருந்தாற் போதும். அதனைத் தனியே அனுப்புவது அநீதி. பிள்ளைக்கு எது வேண்டும் என்பதே அளவுகோலாதல் வேண்டும். நமக்கு எது வசதி என்பதன்று.

பெயரை மாற்றினால் நிலை மாறிவிடும் என்று நம்புவோரும் உளர். அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்கின்றோம், தமிழகத்தில் மாற்றுத்திறனாளி என்கின்றனர். இழிசொல்லை விலக்குதல் நன்றே. ஆயின் புதிய பெயரைச் சூட்டிவிட்டுப் பழைய படிக்கட்டையே விட்டுவைத்தால் அப்பெயரால் யாருக்கு என்ன பயன்?

செய்யவேண்டுவன சில வெளிப்படையானவை. விசேட பாடசாலைகளின் முழுப் பொறுப்பையும் அரசு ஏற்றல் வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் விசேட கல்வியின் அடிப்படையைக் கற்றல் வேண்டும். தமிழ்மொழி மூலப் பயிற்சிக்குரிய இடங்கள் பெருகுதல் வேண்டும். தோட்டப் பாடசாலைக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் செல்லுதல் வேண்டும். இவற்றைக் கோரி ஆசிரியர் சங்கங்கள் குரலெழுப்புதல் வேண்டும். சம்பள உயர்வுக் கோரிக்கையின் அடியில் எழுதப்படும் கடைசி வரியாக அல்ல, அதனோடு சமமான கோரிக்கையாக.

அரசு செயற்படும்வரை காத்திராது நாமே செய்யக்கூடியனவும் உண்டு. வகுப்பில் வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்லலாம். கேளாத பிள்ளையை முன்வாங்கில் இருத்தி, அதன் முகம் நோக்கிப் பேசலாம். சக்கர நாற்காலிப் பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுமாறு அதிபரிடம் கேட்கலாம். இவற்றுக்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை; பணமும் வேண்டியதில்லை.

அபே டி லெப்பேயிடம் அரசு நிதி இருக்கவில்லை. லூயி பிரெயிலிடம் பட்டம் இருக்கவில்லை. றோம் நகரத்து விடுதியில் அடைபட்டுக் கிடந்த சிறுவரிடம் தமக்குக் கற்கும் ஆற்றல் உண்டென்று சொல்லும் சொல்கூட இருக்கவில்லை. ஆயினும் அவர்களாலேயே உலகின் கல்வி உயர்ந்தது. நாளைக் காலை நாம் வரவுப் பதிவேட்டைத் திறக்கும்போது, பல நாட்களாகச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கடந்துபோன பெயர்கள் அதில் இருக்கும். அப்பெயர்களுக்குரிய பிள்ளைகள் எங்கே என்று கேட்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.